1508-க்குத் திருப்பிய வீடு

வேல்ஸில் ஒரு பண்ணை வீடு ஐந்நூறு வருஷம் நின்றால் சும்மா நிற்காது. முதலில் கூடத்தின் நடுவே, தரையிலேயே கணப்பு எரியும். புகை கூரை இடுக்குகளில் தானே வழி தேடிக்கொள்ள வேண்டியதுதான். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கல் புகைபோக்கி வருகிறது. புகை ஒதுங்கியதும், தலைக்கு மேலே வீணாகக் கிடந்த இடத்தில் பலகை பாவி மாடி எடுக்கிறார்கள். பிறகு மரச்சட்டச் சுவர் போய்க் கல் சுவர், வைக்கோல் கூரை போய் ஸ்லேட் ஓடு, திறந்த ஜன்னலுக்குக் கண்ணாடி. ஒரே கூரையின் கீழ் மனிதர்களோடு இருந்த மாடுகள் தனித் தொழுவத்துக்குப் போகின்றன. கடைசியாக 20ஆம் நூற்றாண்டு வந்து எல்லாவற்றின் மேலும் சிமென்டைப் பூசியது. இப்படிப்பட்ட வீட்டில் கை வைக்கும் தச்சர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தான் எந்த வருஷத்து வீட்டைச் செப்பனிடுகிறோம் என்பதைத்தான்.

அந்தக் கேள்வியோடுதான் கார்டிஃப் நகரை ஒட்டிய செயின்ட் ஃபாகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போனேன். யோர்வெர்த் பீட் என்ற அறிஞரின் முயற்சியில் 1948இல் திறந்த இடம். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பழைய வீடுகளைக் கல் கல்லாக, கட்டை கட்டையாகப் பிரித்து, எண் போட்டுக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். இதற்கென்றே தச்சர்களும் கொத்தனார்களும் அங்கே வேலையில் இருக்கிறார்கள்.

டென்பிஷயரிலிருந்து வந்த ஹென்ட்ரெர்-அவித் வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணாடியில்லாத ஜன்னல், மரக்கம்பிகள், நடுவில் கல் அடுக்கிய கணப்பு. 1508இல் கட்டிய வீடு. ஐம்பதைத் தாண்டிய ஒரு தச்சர் என்னை ஒரு தூணருகே கூட்டிப்போய் டார்ச் அடித்தார். தூண் என்பது சரியில்லை. இயல்பாக வளைந்து வளர்ந்த ஓக் மரத்தை நெடுக இரண்டாகப் பிளந்து, அந்த இரு பாதிகளையும் எதிரெதிரே நிறுத்தி உச்சியில் சேர்த்திருக்கிறார்கள். ‘க்ரக்’ என்பார்கள். கூரையின் பாரம் இந்தச் சோடிகள் வழியாகத் தரைக்கு இறங்குகிறது. சுவர் வெறும் மறைப்புதான். ஓக் குச்சிகளுக்கு இடையே வரிச்சு பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணியும் குழைத்து அப்பிய சுவர்.

“இங்கே தடவிப் பாருங்கள்” என்றார். விரலில் கீறல் ஒன்று தட்டுப்பட்டது. ரோமன் எண்போல உளியால் இழுத்த கோடுகள். மரத்தைப் பட்டறையில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று குறித்துவிட்டு, பிரித்து, மனையில் கொண்டுபோய் நிறுத்துவது அந்தக் காலத் தச்சர்களின் முறை. வீட்டைப் பிரித்து எண் போடுவது அருங்காட்சியகத்தின் புது யோசனை அல்ல என்பதில் அவருக்கு ஒரு சின்னச் சிரிப்பு. ஓக்கைப் பச்சையாகவே இழைப்பார்கள். காய்ந்தால் இரும்பாகிவிடும், உளி இறங்காது. மர முளையடித்த பச்சை மரம் பிறகு காயக் காயச் சுருங்கிப் பூட்டை இறுக்கிக்கொள்கிறது.

மாற்றங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆள் இல்லாத துளைகளைத் தேடுவாராம். உத்தரத்தின் அடியில் வரிசையாக வெறும் துளைகள் இருந்தால் அங்கே ஒரு காலத்தில் தடுப்பு இருந்தது. மாடி அறையின் கைமரங்களில் கரி படிந்திருந்தால், மாடியே பிற்பாடு வந்தது. அதற்கு முன் புகை நேரே மேலே போயிருக்கிறது.

இந்த வீட்டை இங்கே நிறுத்தியபோது பிற்காலச் சேர்க்கைகளையெல்லாம் களைந்து 1508-க்கே திருப்பிவிட்டார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கணப்பின் புகையில் கண்ணெரிந்து, காசு சேர்த்துப் புகைபோக்கி கட்டியவளும் இந்த வீட்டுக்காரிதானே? அவள் உழைப்பை ஏன் கழிக்க வேண்டும்? தச்சரிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “கழிக்காமல் விட்டிருந்தால், புகை எப்படிப் போனது என்று நீங்கள் இன்று எங்கே பார்ப்பீர்கள்?”

எனக்குப் பிடித்தது ராட்னர்ஷயர் மலையிலிருந்து வந்த கிலெவென்ட். 15ஆம் நூற்றாண்டில் மர வீடாகப் பிறந்து, 1734இல் கல் சுவர் எடுத்துக்கொண்டது. கல் சுவரோடுதான் நிற்கிறது. மனிதருக்கும் மாட்டுக்கும் ஒரே வாசல். நுழைந்தால் ஒரு பக்கம் குடித்தனம், மறுபக்கம் தொழுவம். அடுப்பு நெருப்பு கண்ணில் பட்டால் பசு கூடுதலாகக் கறக்கும் என்று வேல்ஸில் ஒரு நம்பிக்கை உண்டு. குளிர்காலத்தில் பசுவின் சூடு மனிதருக்குக் கிடைத்ததைப் பற்றி அந்த நம்பிக்கை ஒன்றும் சொல்லவில்லை.

கோவர் தீபகற்பத்திலிருந்து வந்த கென்னிக்ஸ்டன் வீடு சிவப்பு. சிவப்பு கெட்ட ஆவிகளை அண்டவிடாது என்பார்கள். 1610இல் கட்டி, பிறகு பகுதி பகுதியாக நீட்டியது. நான் போன சமயம் ஓர் இளம்பெண் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். முதலில் சுவரை நன்றாக நனைத்தார். நீற்றி ஊறிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்துக் காவிப்பொடி கலந்திருந்தார். கை தூக்கி அடித்தால் தோளெல்லாம் தெறிக்கிறது, கண்ணாடி போடாமல் அருகே போகக் கூடாது. அடித்த உடனே ரத்தச் சிவப்பு. காய்ந்தால் பாதி நிறம் வெளுத்துவிடும். அதனால் நிறத்தை நம்பாமல் வாளியின் அளவை நம்ப வேண்டும் என்றார். மெல்லிசாக நாலைந்து பூச்சு. பனி விழத் தொடங்கினால் வேலை நின்றுவிடும்.

சிமென்ட் பேச்சை எடுத்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். பழைய கல் சுவருக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் உண்டு. சுண்ணாம்பு அதை வெளியே விடும். சிமென்ட் மயிரிழை விரிசல் வழியாக மழையை உள்ளே வாங்கும், திருப்பித் தராது. உள்ளே இருக்கும் மர விட்டத்தின் முனைதான் முதலில் மக்கும். இதே காரணத்துக்காக, பண்ணைகளில் தாத்தா பூசியதைப் பேரன் கொத்தி எடுக்கிறானாம்.

அருங்காட்சியகமே பிறகு மனம் மாறியிருக்கிறது. மெர்தர் டிட்வில்லிலிருந்து கொண்டுவந்து 1987இல் திறந்த ரீட்-அ-கார் இரும்பாலைத் தொழிலாளர் வரிசையில் ஆறு வீடுகள். 1805, 1855, 1895, 1925, 1955, 1985 என்று ஆளுக்கொரு வருஷம். யாருடைய மாற்றமும் கழியவில்லை. இதைச் சொல்லித் தச்சரை மடக்கலாம் என்று நினைத்தேன். அவர் கவலை வேறாக இருந்தது. 1508-க்கு ஓர் ஓக் முளை வேண்டுமென்றால் காலையில் செதுக்கி மத்தியானம் அடித்துவிடுவாராம். 1985 வீட்டில் ஒரு துண்டு வால்பேப்பர் கிழிந்தால் அதை இப்போது எவன் போடுகிறான் என்று கேட்டார்.