பழுப்புச் சுவர் பேஸ்மென்ட்

தொண்ணூறுகளில் நியூ ஜெர்சிக்கு வந்து சேர்ந்தவன் நான். அமெரிக்காவின் நிறம் எது என்று கேட்டால் பழுப்பு என்பேன். ஊருக்கு அனுப்பிய படங்களில் பனியும் இலையுதிர்கால மரங்களும் இருந்தன. ஆனால் வார இறுதிகளில் நாங்கள் கூடி உட்கார்ந்ததெல்லாம் யாராவது ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில், நாலாபுறமும் மரப்பலகை அடித்த சுவர்களுக்கு நடுவில்தான். அவற்றில் எனக்கு மிக நெருக்கமானது, எடிசன் பக்கத்தில் ஒரு மாமாவும் மாமியும் வைத்திருந்த வீடு.

மாமா அறுபதுகளின் கடைசியில் வந்தவர். நாட்டுவாரியாக வைத்திருந்த குடியேற்ற ஒதுக்கீட்டை 1965-ல் அமெரிக்கா சட்டம் போட்டு எடுத்த பிறகு, டாக்டர்களும் இன்ஜினியர்களும் பேராசிரியர்களுமாக வந்தார்களே, அந்த முதல் வரிசை. கொஞ்ச காலம் அபார்ட்மென்ட்டில் இருந்துவிட்டு, ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடமிருந்து இந்த வீட்டை வாங்கினார். பேஸ்மென்ட்டைப் பலகை அடித்து அலங்கரித்தது அந்தக் குடும்பம்தான். தரையில் ஆரஞ்சு நிறத்தில் அடர்த்தியான கம்பளம், தலைக்கு மேல் கை எட்டும் உயரத்தில் அட்டைக் கூரை, மூலையில் ஒரு பார் கவுண்டர். கவுண்டருக்குப் பின்னால் பாட்டில் அடுக்குவதற்கென்று படிப்படியாகத் தட்டுகள். மாமி அந்தத் தட்டுகளைத் துடைத்து, வெள்ளை வேட்டி விரித்து, முதல் வருஷமே கொலு வைத்துவிட்டாராம். விஸ்கி இருந்த இடத்தில் தசாவதாரம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் புறநகரங்களில் வீடுகள் மளமளவென்று எழும்பின. குடும்பங்கள் பெருகின, இடம் போதவில்லை. சிமென்ட் கல் சுவரோடு சும்மா கிடந்த பேஸ்மென்ட்டை அறையாக்க மலிவான வழி பலகை அடிப்பதுதான். 4 அடிக்கு 8 அடி ப்ளைவுட் தகடுகள், சுவரில் சட்டம் அடித்து அதன்மேல் ஆணி. பூச்சு வேலை வேண்டாம், பெயின்ட் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை அப்பாவே செய்து முடித்துவிடலாம். தகட்டில் மேலிருந்து கீழாக ஓடும் பள்ளக் கோடுகள் மனம்போன இடைவெளியில் போட்டதுபோல் இருக்கும். அளந்து பார்த்தால் 16 அங்குலத்துக்கு ஒரு கோடு தவறாமல் வரும். உள்ளேயிருக்கும் சட்டங்களின் இடைவெளி அதுதான். ஆணி அந்தக் கோட்டுக்குள் இறங்கினால் வெளியே தெரியாது.

எங்களுக்கு அந்த அறையால் ஆகாத காரியமில்லை. நியூயார்க் ஃப்ளஷிங்கில் பிள்ளையார் கோயில் 1977-லேயே வந்துவிட்டது என்றாலும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாலம் தாண்டிப் போக முடியுமா? பிரிட்ஜ்வாட்டரில் பெருமாள் கோயில் எழுந்தது தொண்ணூறுகளின் பிற்பகுதியில்தான். அதுவரை பேஸ்மென்ட்தான் கோயில், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் எல்லாம். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, மதியம் பாட்டு வகுப்பு. இரவில் இந்தியக் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில் ரஜினி. புதிதாக வேலைக்கு வந்திறங்கிய பையன்களுக்கு வீடு கிடைக்கும்வரை அந்த ஆரஞ்சுக் கம்பளம்தான் படுக்கை. நானும் படுத்திருக்கிறேன். கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைகூட 1978-ல் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ட்டில்தான் தொடங்கியது. அமெரிக்காவில் நம் சனங்களின் பொதுவாழ்வு தரைமட்டத்துக்குக் கீழிருந்துதான் முளைத்தது.

அதற்குப் பழுப்புச் சுவர் தோதாக இருந்தது. சாம்பிராணிப் புகை, குழந்தைகளின் மஞ்சள் கறை விரல்கள், சுண்டல் எண்ணெய், எதையும் அது காட்டிக்கொடுக்கவில்லை. மாடியில் வரவேற்பறையின் வெள்ளைச் சுவரில் கை வைத்தால் அதட்டும் மாமி, கீழே எதற்கும் வாய் திறக்க மாட்டார். ஒரே ஒரு குறை, படம் எடுக்கும்போது. பளபளப்பான அந்தப் பலகையில் ஃப்ளாஷ் பட்டுத் தெறித்து, எல்லோருடைய தலைக்குப் பின்னாலும் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். அந்தக் காலத்து ஆல்பத்தைப் புரட்டினால் பிறந்தநாள் கொண்டாடும் குழந்தை முதல் விசிட்டர் விசாவில் வந்த பாட்டிவரை எல்லோருக்கும் ஒளிவட்டம்.

மாமா காலமாகிச் சில வருஷம் கழித்து, மாமி தன் பெண்ணோடு போய் இருப்பதென்று முடிவாயிற்று. வீட்டை விற்கவேண்டும். வந்து பார்த்த தரகர், பலகைச் சுவரைப் பார்த்தாலே இளசுகள் திரும்பிப் போய்விடுவார்கள், வெளிர் நிறத்தில் பெயின்ட் அடித்துவிடுங்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. மாமிக்கும் வலிக்கும் என்று நினைத்து, வேண்டுமானால் அப்படியே விற்கலாமே என்று இழுத்தேன்.

"நன்னா அடிக்கட்டும்டா. இந்த அழுதுவடியற கலரை இத்தனை வருஷமா சகிச்சுண்டிருந்தேன். அவர்தான், கீழேதானே, யார் பார்க்கப்போறான்னு விட்டுட்டார்" என்றார் மாமி.

வேலையில் நாங்களும் இறங்கினோம். 1978-ல்தான் அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்தது. வீடு அதற்கு முந்தியது என்பதால், ஜன்னல் சட்டங்களைத் தேய்ப்பதற்கு முன் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டோம். பிறகு சுவரைக் கழுவினோம். வாளித் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறியது. பழைய வீட்டுக்காரர் அந்த பார் கவுண்டரில் உட்கார்ந்து ஊதிய சிகரெட்டும் மாமி ஏற்றிய கற்பூரமும் ஒரே வாளியில் கரைந்து வந்தன.

பளபளப்பு போகும்வரை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் மரவரியே கழன்று வந்துவிடும், ஏனென்றால் அந்த வரி அச்சடித்தது. துணி உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் பலகை ஒரு மூலையில் உடைந்திருந்தது. உள்ளே வெளுத்த லவான் ப்ளைவுட், தென்கிழக்கு ஆசியக் காட்டு மரம். இத்தனை காலம் வால்நட் என்று நம்பியிருந்த சுவர், எங்களைப் போலவே ஆசியாவிலிருந்து கப்பலேறி வந்தது.

நேராகப் பெயின்ட் அடித்தால் புகைக்கறை சில வாரங்களில் மஞ்சளாக மேலே கசிந்துவிடும். அதைத் தடுக்க முதலில் ப்ரைமர் போட வேண்டும். கறையை அடக்குவதில் கெட்டிக்காரன் ஷெல்லாக் ப்ரைமர். ஷெல்லாக் என்பது நம் அரக்குதான். மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரப்பது. இந்தியாவில் ஜார்க்கண்டில் ஏராளமாகக் கிடைக்கிறது. ஆல்கஹாலில் கரைத்திருப்பதால் நெடி மூக்கைத் துளைக்கும், ஜன்னலைத் திறந்து வைத்தே அடிக்க வேண்டும். பள்ளக் கோடுகளைப் பட்டி வைத்து அடைக்கலாமா என்ற பேச்சு வந்தது. அடைத்தால் மரம் விரிந்து சுருங்கும்போது வெடிப்பு விடும் என்று அப்படியே விட்டோம். கோட்டுக்குள் பிரஷ், மற்ற இடத்தில் ரோலர். ப்ரைமருக்கு மேல் இரண்டு கோட் வெளிர் பெயின்ட்.

அறை பெரிதாகிவிட்டது. பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டிருந்த இடத்தில், தரையை ஒட்டிய சின்ன ஜன்னல் வெளிச்சமே போதுமானதாக இருந்தது. மாமி கீழே வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதை அப்பவே பண்ணியிருந்தா கொலு இன்னும் எடுப்பா இருந்திருக்கும்" என்றார். ஏக்கமெல்லாம் எனக்குத்தான். வந்துபோனவர்களுக்கு அந்தப் பழுப்பு இளமைக்காலம். அங்கேயே இருந்து சமைத்து, பெருக்கி, துடைத்தவருக்கு அது இருட்டு.

இன்னும் பல வீடுகளில் அந்தப் பலகைச் சுவர்கள் இருக்கின்றன. பிள்ளைகள் வளர்ந்த இடம் என்று தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தயங்காமல் பெயின்ட் அடியுங்கள். நன்றாகக் கழுவி, ப்ரைமர் போட்டு அடியுங்கள். அங்கே தமிழ் படித்த பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு ரோலர் கொடுங்கள். நிறத்தை மட்டும் அந்த வீட்டுப் பெண்மணியைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.