சத்தமும் சொல்லும்

நமது கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலராசிரியர் கேட்டபொழுது, பெரிய பொருள் பற்றி எழுதும் தகுதியற்ற யான், அண்மையில் என் இல்லத்தில் நிகழ்ந்த சிறு அனுபவத்தையே எழுதத் துணிந்தேன். வீட்டுத் திரையரங்குக்கு ஒலிபெருக்கி வாங்கிய கதைக்கும் கல்லூரிக்கும் யாது தொடர்பு என அன்பர்கள் வினவலாம். தொடர்பு உண்டு.

எங்கள் காலத்தில் பிரார்த்தனை மண்டபத்தில் ஒலிபெருக்கி இருக்கவில்லை. எனினும், எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர் பேசினால் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கும். அவர் உரத்துப் பேசுபவரல்லர். ஒரு சொல்லின் எதிரொலி அடங்கிய பின்னரே அடுத்த சொல்லைத் தொடங்குவார். "மண்டபமும் பேசும், அதையும் பேசவிட்டுத்தான் நாம் பேச வேண்டும்" என்பார். அவ்வுரையின் பொருள் எனக்கு எழுபது வயதிலேதான் விளங்கிற்று.

என் அண்ணரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. என்னைக் கைப்பிடித்து முதன்முதலிற் கல்லூரி வாயிலுக்கு அழைத்து வந்தவர் அவர். இப்பொழுது எங்களுடனேயே வாழ்கிறார். மாலையில் குடும்பத்துடன் அமர்ந்து படம் பார்ப்பது அவருக்கு எஞ்சியுள்ள பெருமகிழ்ச்சி. அதனை மேலும் சிறப்பிக்க எண்ணிச் சென்ற ஆண்டு ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு சப்வூபரும் அடங்கிய தொகுதியை வாங்கினேன். பெட்டியில் எந்த எண் பெரிதாக அச்சிடப்பட்டிருந்ததோ அதனையே தெரிந்தேன். முதல் நாள் வீடே அதிர்ந்தது, பேரப்பிள்ளைகள் ஆரவாரித்தனர். மூன்றாம் நாள் அண்ணர் பாதிப் படத்தில் எழுந்து விறாந்தைக்குச் சென்றுவிட்டார். பின்னர் வருவதேயில்லை. காரணம் கேட்டேன்.

"தம்பி, சத்தம் கேட்குது, சொல்லுத்தான் விளங்கேல்லை" என்றார்.

அச்சொல் என்னைச் சுட்டது. அன்றுதொட்டு ஒலிபெருக்கிகளைப் பற்றிப் படிக்கலானேன். பெட்டியிற் கண்ட உவாற்றுக் கணக்கு பெரிதும் ஏமாற்றுவது. வலுவை இருமடங்காக்கினாலும் ஒலிமட்டம் 3 டெசிபெல் மாத்திரமே உயரும். ஒரு உவாற்றுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 84 டெசிபெல் தரும் ஒலிபெருக்கியிலும் 90 டெசிபெல் தருவது மேலான உணர்திறன் உடையது. அதே சத்தத்திற்கு அதற்குக் காற்பங்கு வலுவே போதும். திருவிழாக் காலத்திற் பனைமரத்திற் கட்டிய குழாய் ஒலிபெருக்கி சிறு வலுவில் அயலூர்வரை கேட்பது இவ்வுணர்திறனாலேயே. ஆயினும் தூரம் செல்வது வேறு, தெளிவாயிருத்தல் வேறு.

செவி கேட்கக்கூடிய வீச்சு செக்கனுக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள்வரை எனப் பள்ளியிற் படித்தோம். உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் அவ்வீச்சின் கீழ்ப்பகுதியிலும், மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் கூர்மை 2,000க்கு மேற்பட்ட பகுதியிலும் உள்ளன. முதுமை அவ்வுயர்ந்த பகுதியையே முதலிற் கவர்கிறது. ஆதலால் அண்ணரின் செவியில் உயிர் நின்றது; மெய் போயிற்று. எஞ்சிய மெய்யையும் என் சப்வூபரின் முழக்கம் மூடிவிட்டது.

அசைசுருள் ஒலிபெருக்கி பற்றிய ஆய்வுரையை றைஸ், கெலொக் என்னும் அமெரிக்கர் இருவர் வெளியிட்டது 1925இல். கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. எங்கள் ஐயாவின் மரப்பெட்டி வானொலியில் இருந்தது ஒரேயொரு ஒலிபெருக்கி. அதன் முன்னே அமர்ந்து செய்தியில் ஒரு சொல்லும் தவறாமற் கேட்டவர் அண்ணர். வீட்டுத் திரையரங்கில் அவ்வானொலியின் பணியைச் செய்வது நடு ஒலிபெருக்கி. உரையாடலிற் பெரும்பகுதி அதன்வழியே வருகிறது. யானோ அதனை அலுமாரியின் கீழ்த்தட்டில், முழங்காலை நோக்கித் திணித்து வைத்திருந்தேன்.

அதனை வெளியே எடுத்துச் செவியை நோக்கிச் சரித்து வைத்தேன். சப்வூபரை மூலையிலிருந்து நகர்த்தினேன். மூலை தாழ்ந்த ஒலியை மிகைப்படுத்தும். 80 அதிர்வுகளுக்குக் கீழானவற்றை மாத்திரம் அதற்கு விடுத்தேன். சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் கொண்ட அறை அது. தடித்த திரைச்சீலையும் கம்பளமும் இட்டேன். மண்டபம் பேசுவது குறைந்தது. இத்தனைக்கும் பின்னரே நடு ஒலிபெருக்கியை மாற்றினேன். இடம், வலம் இரண்டின் இனத்தையே சேர்ந்த, உணர்திறன் மிக்கதொன்றைத் தெரிந்தேன். கடைக்காரர் வெடிச்சத்தத்தை ஒலிக்கச் செய்ய முற்பட்டார். யான் அவரைத் தடுத்து, ஒரு செய்தி வாசிப்பை, அதுவும் மெல்லிய சத்தத்தில், கேட்பிக்குமாறு வேண்டினேன். வாங்க எண்ணும் அன்பர்களுக்கு யான் கூறக்கூடிய புத்திமதியும் இதுவே. அம்பிளிபயர் தாங்கும் ஓம் அளவிற்கு ஒலிபெருக்கி பொருந்துகிறதா என்பதையும் கேட்டறிக.

அன்றிரவு அண்ணரை வற்புறுத்தி அழைத்து வந்து கதிரையில் இருத்தினேன். பழைய படமொன்றில் ஒருவன் தாழ்ந்த குரலில் ஏதோ வேடிக்கை சொன்னான். எனக்கு விளங்குமுன் அண்ணர் சிரித்துவிட்டார்.

முன்பே அவருடைய கதிரையில் ஒருமுறை இருந்து கேட்டிருப்பேனாயின், அவர் விறாந்தையிற் கழித்த மாதங்கள் வீணாகியிரா. கடைசி வாங்கிலிருப்பவனுக்கு விளங்குகிறதா என்று பார்த்துப் பேசிய அவ்வாசிரியரின் மாணவன் யான் என்று சொல்லிக்கொள்ள இப்பொழுதுதான் ஒருவாறு துணிவு வந்திருக்கிறது.