குளிரும் புழுக்கமும்

கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைக்குக் காலை பஸ்ஸில் செல்லும் பெண்களிற் பலர், கைப்பைக்குள் ஒரு கம்பளிச் சட்டையை மடித்து வைத்திருப்பதை நாம் நெடுநாளாகக் கவனித்து வந்தோம். ஆண்டு முழுவதும் வியர்வை ஒழுகும் இந்நகரில் கம்பளிக்கு என்ன வேலை? கோட்டையிலே ஒரு கந்தோரில் நாமும் வேலைக்கமர்ந்த பின்னரே விடை தெரிந்தது. அங்கே குளிரூட்டி 19 பாகையில் ஓடிற்று. அதன் விசையோ மேலதிகாரியின் அறையில் இருந்தது. கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்த அவருக்கு அது இதமாயிற்று. பருத்திச் சேலையுடன் அமர்ந்திருந்தவர்களுக்கு விரல்கள் விறைத்தன.

“சேர், குளிரைக் கொஞ்சம் குறைக்க ஏலாதோ?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“போர்த்திக்கொண்டு இருங்கோ, பிள்ளை” என்றார் அவர்.

இது அவர் ஒருவரின் கல்நெஞ்சு மட்டுமன்று. கந்தோர்களின் வெப்பநிலைக்கு அளவுகோல் வகுத்தோர் கணக்கிலே, அங்கு அமர்ந்திருப்பவன் நாற்பது வயதும் எழுபது கிலோ எடையும் உள்ள ஆண்மகன்! அவனைவிடப் பெண்ணுடல் குறைவாகவே வெப்பம் பிறப்பிக்கிறது என்பதை இரு டச்சு விஞ்ஞானிகள் 2015 இல் எடுத்துக்காட்டினர்.

அந்தக் குளிருக்கு விலை கொடுப்பவர் யார்? நுரைச்சோலையில் எரியும் நிலக்கரி கப்பலேறி வருவது. அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். செலாவணி வற்றிய 2022 இல், மார்ச் 31 அன்று, 13 மணிநேரம் மின்சாரம் நின்றது. எமது ஒழுங்கையில் தகரக் கூரைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவிற் கக்கின. மின்விசிறிகள் நின்றுபோகவே, தாய்மார் குழந்தைகளை வாசற்படியிற் கிடத்திப் பழைய பத்திரிகையால் விசிறினர். அதே வாரம் எமது கந்தோரின் பின்கட்டில் மின்பிறப்பாக்கி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே அதே 19 பாகை.

குளிரூட்டி வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலிருந்து அள்ளி, தான் உண்ட மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து, வெளியே கொட்டுகிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் இடைவெளியில் நின்று பார்த்தவர்க்கு இது விளங்கும். ஒரு வீட்டின் குளிர் அடுத்த வீட்டின் அனல். முன்னர் அங்கிருந்த வீடுகளுக்கு உயர்ந்த கூரை, விறாந்தை, இறவாணத்தின் கீழ்க் காற்றுப்புழை எல்லாம் இருந்தன. இன்று தெருமுனையிற் கடல் இருக்க, யன்னல்கள் சாத்திக் கிடக்கின்றன. உயர்ந்த கட்டடமானால் வேறு வழியில்லை என்பாருமுளர். 1970களிலேயே ஜெப்ரி பாவா, அரச ஈட்டு வங்கிக்கென இதே கொழும்பில் ஒரு மாடிக் கட்டடத்தை இயற்கைக் காற்றோட்டத்தை நம்பியே வரைந்தார்.

ஜப்பான் 2005 இல் கழுத்துப்பட்டியைக் கழற்றச் சொல்லிக் கந்தோர்களை 28 பாகைக்கு உயர்த்தச் சொன்னது. ஒரு பாகை உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது இந்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. காற்று அசைந்தால் உடல் சற்றுக் கூடிய வெப்பத்தையும் இதமாகவே ஏற்கும். மின்விசிறி உண்பதோ குளிரூட்டியின் உணவிற் சிறு பங்கு.

மேலதிகாரி விடுமுறையிற் சென்ற ஒரு வாரம் நாம் அதைச் செய்து பார்த்தோம். 26 பாகை, தூசி தட்டிய பழைய மின்விசிறிகள். கம்பளிகள் பைக்குள்ளேயே இருந்தன, ஒருவரும் வியர்க்கவில்லை. அவர் திரும்பிய அன்றே 19 ஆயிற்று. விசையை ஊழியர் கூடத்துக்கு மாற்றக் கோரி நாற்பத்தொரு பேர் கையொப்பமிட்ட மனு அவர் மேசையில் இருக்கிறது. முதற் கையொப்பம் அந்தப் பிள்ளையுடையது.