சதுரம் நின்ற இரவு

மூன்று வாரம் முயன்று நாம் ஆக்கிய கணினி விளையாட்டில் ஒரு நீலச் சதுரம் மட்டுமே இருந்தது. அதுவும் தரையில் நில்லாது கீழே வீழ்ந்து மறைந்தது. மோதலை உணர்த்தும் எல்லை வடிவத்தை இணைக்க மறந்திருந்தோம்!

கோடோ என்னும் கருவியை நாம் தேர்ந்தமைக்குக் காரணமுண்டு. குறித்த வரம்பைக் கடந்த விளையாட்டுகள் நிறுவப்படுந்தோறும் கட்டணமென யூனிற்றி நிறுவனம் 2023இல் அறிவித்தது. எதிர்ப்பெழவே 2024இல் கைவிட்டது. அவ்வரம்பு எம்போன்ற கற்றுக்குட்டிகளுக்கு எட்டாதுதான். ஆயினும் குத்தகை நிலத்தில் உழ மனம் ஒப்பவில்லை. ஆர்ஜென்டீனர் இருவர் தொடக்கிய கோடோவின் மூலநிரலோ 2014இலேயே யாவர்க்கும் பொதுவாயிற்று.

வடிவத்தை இணைத்தோம். சதுரம் நின்றது; துள்ளிற்று. பக்கத்து வீட்டுச் சிறுமி சற்றுநேரம் விளையாடிவிட்டு, “இது ஒருக்காலும் தோற்காதோ, மாமா?” என்றாள்.

நியாயமான கேள்வி. வழியில் நடவேண்டிய முட்களை இப்பொழுது வரைந்துகொண்டிருக்கிறோம்.