ரயில்வே ஹோட்டலின் தாழ்ந்த கூரை

மதுக்கடை ஒன்றின் சரித்திரத்தை எழுதுவானேன் என்று நேயர்களிற் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். தோட்டப்புறங்களிலே கள்ளுக்கடை நம்மவர் கூலியையும் குடும்பத்தையும் விழுங்கிய கதையை அறிந்தவர்கள் அங்ஙனம் சுளிப்பது நியாயமே. குடியை நானும் வெறுப்பவன்தான். ஆயினும் ஆங்கிலேயரின் ‘பப்’ என்னும் மதுச்சாலை, பேட்டைவாசிகள் மாலையிற் கூடிப் பேசும் பொதுவிடமாகவும், கையிற் காசில்லாத இளைஞர்க்கு முதன்முதலாக மேடை தந்த இடமாகவும் இருந்து வந்திருக்கிறது.

லண்டன் மாநகரின் வடமேற்கே ஹாரோ-வீல்ட்ஸ்டன் ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. லண்டனுக்கும் பர்மிங்ஹாமுக்கும் இருப்புப்பாதை இட்ட காலத்தில், 1837-ஆம் ஆண்டில், திறக்கப்பட்டது அது. 1952-இல் அங்கே நேர்ந்த ரயில் விபத்தில் 112 பேர் மாண்டனர். அதனை ஒட்டிய பாலத்தருகே நின்றதுதான் ரயில்வே ஹோட்டல். கட்டிடக் கலையில் வியந்து பேசத்தக்கது எதுவும் அதனிடம் இல்லை. 1964-ஆம் ஆண்டில் செவ்வாய்க்கிழமை இரவுகளில் அங்கே இசை நடந்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் குமாஸ்தாக்களும், உடையில் மட்டும் சீமான்களாய், அங்கே திரண்டனர். அவர்கள் கேட்டு ஆடியதோ அமெரிக்க நீக்ரோ மக்களின் இசை! அடிமைகளாய் விற்கப்பட்டோரின் சந்ததியார் படைத்த பாட்டை வெள்ளைக்கார இளைஞர் பக்தியோடு பயின்றனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அங்கே வாசித்த குழுவினர் நால்வர்: பீட் டவுன்ஷெண்ட், ரோஜர் டால்ட்ரி, ஜான் எண்ட்விசில், கீத் மூன். பின்னர் ‘தி ஹூ’ என்று உலகப் புகழ் எய்திய குழு இதுவே. சினிமா எடுப்பதற்கு ஓர் இசைக்குழுவைத் தேடியலைந்த கிட் லாம்பர்ட் என்பவர் 1964 ஜூலையில் இவர்களைக் கண்டதும் இந்த அறையில்தான். அவரும் அவர் நண்பர் கிறிஸ் ஸ்டாம்பும் குழுவின் நிர்வாகிகளாயினர்.

அவ்வாண்டு செப்டம்பரில் ஓரிரவு, பத்தொன்பது வயதினரான டவுன்ஷெண்ட் வாசிப்பின் வேகத்தில் கிதாரை மேலே உயர்த்தினார். கூரையோ மிகத் தாழ்ந்தது. கிதாரின் தலை அதிலே மோதி முறிந்தது. கூட்டத்திற் சிலர் சிரித்தனர். வெட்கமோ சினமோ, அவர் எஞ்சியதையும் அடித்து நொறுக்கிவிட்டு, வேறொரு கிதாரை எடுத்து ஒன்றும் நடவாததுபோல் வாசிப்பைத் தொடர்ந்தார். நாளடைவில் கிதார் உடைத்தலே அவர்களுடைய கச்சேரியின் அங்கமாயிற்று. ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை அச்சம்பவத்தை ராக் இசையின் சரித்திரத்தை மாற்றிய ஐம்பது நிகழ்ச்சிகளுள் ஒன்றாகக் குறித்தது.

வீணையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இது பொறுக்குமா? எனக்குப் பொறுக்கவில்லை. டவுன்ஷெண்ட் தமது கலைக்கல்லூரியிலே கஸ்டாவ் மெட்ஸ்கர் என்பாரின் கருத்துக்களைக் கேட்டவர். நாஜிகளுக்குப் பெற்றோரைப் பலிகொடுத்த மெட்ஸ்கர், அழிவையே கலையாக்கி உலகின் அழிவை உணர்த்த முயன்றவர். அந்த நியாயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முதற் கிதாரை முறித்தது தத்துவமன்று, கூரை! உயர்ந்த மண்டபத்தில் வாசித்திருந்தால் கிதார் பிழைத்திருக்கும், கதையும் பிறந்திராது.

அந்தக் கூரையும் போயிற்று. 2000-ஆம் ஆண்டில் ஹோட்டல் தீக்கிரையாயிற்று. மிச்சத்தையும் இடித்துத் தள்ளினர். அரச மாளிகையின் ஓடு ஒன்று நழுவினாலும் பதறும் தேசம் இதற்குப் பதறவில்லை. ஏழை இளைஞர்களின் கலை பிறந்த இடம் அழகற்றதாகவே இருக்கும். வாடகை மலிவென்றுதானே அங்கே போனார்கள்! அழகைமட்டும் பார்த்துக் காப்பதென்றால், இத்தகையோர் சரித்திரத்திற்குச் சாட்சியாக ஒரு சுவர்கூட மிஞ்சாது.

இப்போது அவ்விடத்தில் அடுக்கு வீடுகள் நிற்கின்றன. அவற்றிற்கு அக்குழுவினரின் பெயர்களையே இட்டிருக்கிறார்கள். ஈழத் தமிழர் பலர் வாழும் வட்டாரம் அது. என் உறவினர் ஒருவரும் அருகே குடியிருக்கிறார். “பெயர் வைத்ததெல்லாம் சரிதான் அண்ணா, அந்த வீட்டிலே இருந்து ராத்திரியில் கிதாரைத் தட்டிப் பார்க்கட்டும், பக்கத்து வீட்டுக்காரர் விடுவாரோ?” என்று அவர் நகைத்தார்.