மணிக்கணக்கில் தூக்கம்

விமான நிலையங்களில் இருக்கும் தூக்கப் பெட்டிகளின் புகைப்படத்தை நண்பர்களிடம் காட்டினால் உடனே இரண்டு சொற்கள் வந்து விழுகின்றன. ஒன்று பிணவறை, மற்றது அந்நியமாதல். முதலாவதைச் சொல்பவர் கவிஞராகவும் இரண்டாவதைச் சொல்பவர் விமர்சகராகவும் இருப்பது வழக்கம். இருவரும் அந்தப் பெட்டிக்குள் ஒரு ராத்திரியாவது படுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. படுக்காமலும் எழுதலாம். ஆனால் ஒரு பொருள் என்ன காரியம் செய்கிறது என்று தெரிவதற்கு முன்பே அது படிமமாகிவிடுவது நம் புதுக்கவிதையின் பழைய வியாதி. அறை, சுவர், ஜன்னல் என்று நாம் எழுதித் தேய்த்தவற்றின் வரிசையில் இதுவும் போய் நிற்பதற்குள் இதன் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இந்தப் பெட்டி தனிமனிதனின் விடுதலைப் பிரகடனமாகத்தான் பிறந்தது. 1960-இல் டோக்கியோவில் 'மெடபாலிஸம்' என்ற பெயரோடு வெளிப்பட்ட கட்டிடக் கலைஞர்கள் குழுவில் கிஷோ குரோகாவா இருபத்தாறு வயது இளைஞர். நகரம் ஒரு ஜீவனைப்போல வளர வேண்டும், பழசை உதிர்க்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 1969-இல் அவர் 'காப்ஸ்யூல் பிரகடனம்' எழுதினார். இனி வரும் மனிதன் நிலத்தில் வேர்விட்டவனாக இருக்கமாட்டான், நடமாடுகிறவனாக இருப்பான். அவனுக்கு வேண்டியது அவன் ஒருவனுக்கான கூடு என்று அதன் சாரத்தைச் சொல்லலாம். 1972-இல் இந்தச் சித்தாந்தம் டோக்கியோவின் கின்ஸா பகுதியில் நகாகின் கோபுரமாக எழுந்தது. இரண்டு கான்கிரீட் தண்டுகள். அவற்றில் போல்ட் போட்டு முடுக்கிய 140 பெட்டிகள். ஒவ்வொன்றும் நாலு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், ஒரு வட்ட ஜன்னல். கப்பல் சரக்குப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்தார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு முறை பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம்.

1979-இல் ஒஸாகாவின் உமேதா பகுதியில் முதல் காப்ஸ்யூல் விடுதி திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் அதே குரோகாவா. கடைசி ரயிலைத் தவறவிட்ட குமாஸ்தாக்களுக்கு அது வசதியாக அமைந்துவிட்டது. நாலு மீட்டர் இப்போது ஏறக்குறைய இரண்டு மீட்டராகிவிட்டது. ஜன்னல் போய்விட்டது. கதவும் பூட்டும் இல்லை. இழுத்துவிட ஒரு திரை. பிரகடனத்திலிருந்து விடுதிக்கு வந்து சேர சரியாகப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது.

விமான நிலையத்துக்கு வர இன்னும் காலமாயிற்று. லண்டனுக்கருகே காட்விக்கில் 2007-இல் சிறு அறைகளாக வந்தது. டோக்கியோவின் நாரிட்டாவில் 2014-இல் திறந்த விடுதியின் பெயரே 'ஒன்பது மணி நேரம்': குளிக்க ஒன்று, தூங்க ஏழு, இளைப்பாற ஒன்று. கோலாலம்பூர் விமான நிலையத்தின் முதல் முனையம் குரோகாவா வரைந்து 1998-இல் திறந்தது. இரண்டாம் முனையம் அவருடையதல்ல. ஆனால் அங்கேதான் நிஜமான சரக்குப் பெட்டிகளை அடுக்கி, உள்ளே படுக்கைகள் அமைத்து, மூன்று மணி, ஆறு மணி, பன்னிரண்டு மணி என்று தூக்கத்தை விற்கிறார்கள். வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தக் கணக்கு சுலபமாகப் புரிகிறது. இடத்துக்கு வாடகை வாங்குவது ஒன்று, காலத்துக்கு வட்டி வாங்குவது வேறொன்று. இங்கே நடப்பது இரண்டாவது. விழித்துக் கிடந்தாலும் மணி ஓடும். வட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

சென்ற வருஷம் ஒரு குடும்பக் காரியமாகத் தம்பியைப் பார்க்க ஜப்பான் போனேன். கும்பகோணத்தில் அப்பா தனியாக இருக்கும் வீட்டை விற்றுவிடலாம் என்று பேச்சு. விற்க அவன் அதிகாரப் பத்திரம் எழுதித் தர வேண்டும். நகல் என் பையில் இருந்தது. திருச்சியிலிருந்து ராத்திரி கோலாலம்பூர், அடுத்த நாள் காலையில் டோக்கியோ. ஆறு மணி நேரம் வாங்கினேன்.

மெத்தை சுத்தமாக இருந்தது. தலைமாட்டில் ஒரு விளக்கு, காற்று வர ஒரு துவாரம். தனிமை என்று நாம் எழுதுகிற விஷயம் இங்கே ஸ்தூலமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். கிடைத்தது குறட்டை. மேலே ஒருவர், பக்கத்தில் ஒருவர். மூன்று மணிக்கு யாருடைய போனோ அடித்தது. அதற்குரியவர் எழவில்லை. யாருடையது என்று தெரியாமல் அந்த வரிசையில் இருந்த அத்தனை பேரும் இருட்டில் தத்தம் போனைத் தடவினோம். இதை அந்நியமாதல் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

தூக்கம் போய்விட்டதால் எழுந்து வெளியே நடந்தேன். தரையில் நம்மவர்கள் படுத்திருந்தார்கள். காலை விமானத்தில் திருச்சி போகிறவர்கள். கயிறு கட்டி, பெயரைப் பெரிதாக எழுதிய அட்டைப் பெட்டிகள் பக்கத்தில். ஐந்து பேர் தூங்க, ஒருவர் மட்டும் சுவரில் சாய்ந்து விழித்திருந்தார். அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஓட்டல் வேலை, நாலு வருஷத்துக்குப் பிறகு ஊருக்குப் போகிறார். "ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தர்னு முறை வச்சிருக்கோம் சார், இப்ப என் முறை" என்றார்.

தூங்குகிறவன் காவல் கேட்கிறான். இது எனக்கு அவர் சொன்ன பிறகுதான் விளங்கிற்று. மனிதன் தன்னைப் பிறர் கையில் ஒப்படைத்துவிடுகிற காரியம் தூக்கம் ஒன்றுதான். விழித்திருக்க ஒருவர் வேண்டும், அல்லது அந்த ஒருவருக்குப் பதிலாகப் பணம் வேண்டும். பெட்டி விற்பது மெத்தையை அல்ல, முறை வைத்து விழித்திருக்க ஆள் இல்லாதவனுக்கு ஒரு காவலை. அந்தக் காவலும் இல்லாதவனின் கதை நாம் அறிந்ததுதான். மெஹ்ரான் கரீமி நாஸேரி என்ற ஈரானியர் பாரிஸ் விமான நிலையத்தில் 1988-லிருந்து 2006 வரை ஒரு பெஞ்சில் படுத்திருந்தார். காகிதங்கள் சரியில்லை. 2022 நவம்பரில், திரும்பி வந்து தங்கியிருந்த அதே விமான நிலையத்தில் இறந்துபோனார். அவர் தூக்கத்துக்கு யாரும் மணிக்கணக்கு வைக்கவில்லை.

இந்த இடத்தில் திண்ணையைப் பற்றிப் பெருமூச்சு விடுவது நமக்குச் சுலபம். வழிப்போக்கனுக்குத் திண்ணை, தலைக்கு மணை, குடிக்க ஒரு செம்பு தண்ணீர். ஆனால் அந்தத் திண்ணையில் யார் படுக்கலாம் என்பதற்கு ஒரு கேள்வி இருந்தது. அதற்கு ஒரு ஜாதிதான் பதிலாக இருக்க முடியும். பெட்டியின் வாசலில் இருக்கும் பெண் என்னிடம் கேட்டது பாஸ்போர்ட்டையும் பணத்தையும் மட்டும். அந்த அளவில் பெட்டி நாகரிகமானது. இதை ஒப்புக்கொள்ளாத ஏக்கம் எதுவும் எனக்கு நேர்மையாகப் படவில்லை.

தம்பி பத்திரத்தைப் படித்தான். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தான். "வீடு இருக்கட்டும்ணே" என்றான். வருவாயா என்றதற்குப் பதில் சொல்லவில்லை. எட்டு வருஷமாக அவன் இருப்பது ஒரே அறை. கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். குரோகாவா சொன்ன நடமாடும் மனிதனுக்கு அவனைவிடச் சரியான உதாரணம் தேட வேண்டாம். விற்கக் கூடாது என்றவன் அவன்தான். அந்த வீட்டில் இருந்துகொண்டு ஒட்டடை அடிக்கிற அப்பா, விற்றுவிடு என்கிறார்.

திரும்பும் விமானம் விடியற்காலை என்பதால் நாரிட்டாவில் தங்க வேண்டியிருந்தது. அவனும் கூட வந்து பக்கத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டான். பதினெட்டு வயது வரை ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள். நடுவில் இப்போது ஒரு பிளாஸ்டிக் சுவர். பேசக் கூடாது என்று அறிவிப்பு இருந்தது. விளக்கை அணைத்து வெகு நேரம் கழித்து, "அண்ணே, திண்ணை இன்னும் இருக்கா?" என்று மெல்லக் கேட்டான். இருக்கிறது என்றேன். பிறகு அப்பாவின் குறட்டை கேட்டது. அவனுக்கு அது வந்திருப்பது எனக்குத் தெரியாது.

நகாகின் கோபுரத்தில் ஒரு பெட்டிகூடத் திட்டப்படி மாற்றப்படவே இல்லை. பணம் ஒரு காரணம். இன்னொரு காரணம் சுவாரசியமானது: கீழே உள்ளதைக் கழற்ற வேண்டுமானால் அதன் மேலே உள்ளவற்றை முதலில் கழற்ற வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சொந்தக்காரர். தனிமனிதனின் பிரகடனமாக எழுந்த கட்டிடத்தில் ஒருவன் தன் கூட்டை எடுத்துக்கொண்டு போக மேல்வீட்டுக்காரர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலில் இடிக்கத் தொடங்கினார்கள். 23 பெட்டிகளை மட்டும் காப்பாற்றினார்கள். ஒன்று சான்பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

எங்கள் வீடு விற்கப்படவில்லை. தம்பி வரவும் இல்லை. அப்பா பத்திரத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் நகலை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். எங்கள் மூவரில் யார் மேல் பெட்டி, யார் கீழ்ப் பெட்டி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த ஸ்திதிக்கு அந்நியமாதல் என்ற சொல் போதாது. வேறு சொல் கிடைத்தால் எழுதுகிறேன்.