34 சென்டிமீட்டர் எம்டன்!

'எங்கப்பா சரியான எம்டன்டா!' என்று கேன்டீனில் புலம்பாத பையன் உண்டா பாஸ்? 2006-ல் 'எம்டன் மகன்' என்று பேர் வைத்து, தமிழ்ப் பெயருக்கான வரிச்சலுகைக்காக 'எம் மகன்' ஆன படத்தை டி.வி-யிலாவது பார்த்திருப்பீங்க. அந்த ஒரிஜினல் எம்டனைத் தேடி ஒரு சனிக்கிழமை பாடியிலிருந்து கிளம்பினோம். நீங்களும் வாங்க!

பாடின்னா லூகாஸ் டி.வி.எஸ்., மேம்பாலம், திருவலிதாயம் கோயில்... அவ்வளவுதான் நமக்குத் தெரியும். அகராதியைப் புரட்டினால் 'பாடி'க்குப் படை தங்கும் இடம் என்றும் ஒரு அர்த்தம் இருக்கு! அதனாலோ என்னவோ, நம்ம நண்பனுக்குப் போர்க்கப்பல் பைத்தியம். என்.சி.சி. நேவல் விங் பார்ட்டி. அங்கே கப்பல் மாடல் செய்வது ஒரு பாடமே. நௌ சைனிக் கேம்ப்பில் அகில இந்தியப் போட்டியே நடக்கும்.

காலேஜ் கண்காட்சிக்காக அவன் செய்வது எம்டன். நிஜக் கப்பல் 118 மீட்டர். 350-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 34 சென்டிமீட்டர், அதாவது ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளம். பத்து பீரங்கிகளுக்கும் குண்டூசி. புகைபோக்கி மட்டும் குழப்பம். எம்டனுக்கு மூணுதான். ஆனா, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரியணும்னு கேன்வாஸில் நாலாவதாக ஒரு டூப்ளிகேட் புகைபோக்கியைக் கட்டி, 1914 அக்டோபர் 28-ல் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து அடித்த கில்லாடி அது!

கொரட்டூரில் லோக்கல் ரயில் பிடிச்சு பீச் ஸ்டேஷனில் இறங்கி, ராஜாஜி சாலையில் நடந்தோம். உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவர்ப் பக்கம் ஒரு கல்வெட்டு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டனின் குண்டு விழுந்த இடம். பஸ்ஸுக்கு ஓடும் ஜனம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

அடுத்து கோட்டை மியூசியம். 1795-ல் கட்டி முடித்த கட்டடம். மெட்ராஸின் முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது இதன் மொட்டைமாடியில்தான். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் எம்டன் குண்டின் சிதறல். துருவேறிய இரும்பு. அவ்வளவுதான். ஆனா நண்பன் அங்கேயே நின்னுட்டான்.

"பீரங்கி வாய் பத்தரை சென்டிமீட்டர்டா. என் மாடல்ல அது 0.3 மில்லிமீட்டர். இவ்ளோ கனமா இருக்கும்னு நினைக்கவே இல்ல."

அன்னிக்கு ராத்திரி கேப்டன் கார்ல் வான் முல்லர் சுட்டது சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகள் இரண்டு தீப்பிடிச்சது. துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலும் அடிபட்டது. குறைந்தது 5 பேர் செத்துப் போனாங்க. பயந்துபோன ஆயிரக்கணக்கானவங்க ஊரையே காலி பண்ணினாங்க. எம்டனுக்கும் ஆயுசு அதிகமில்லை. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' அதை அடிச்சு நொறுக்க, 130-க்கும் அதிகமான மாலுமிகள் பலி.

திரும்பும்போது ரயிலில் நண்பன் பேசவே இல்லை. வில்லிவாக்கம் தாண்டியதும் மெதுவா சொன்னான்: "டேங்குக்குப் பஞ்சுல சாயம் போட்டு, சிவப்பு பல்பு வெச்சு தீ செட் பண்ணிட்டேன். ஆனா, அடிபட்ட அந்தக் கப்பலை வைக்கவே இல்லையேடா."

"இப்ப வெச்சுட்டா போச்சு."

"மேல ஆளுங்களையும் வைக்கணும். 350-ல் ஒரு பங்குன்னா ஒரு ஆள் அஞ்சு மில்லிமீட்டர் உயரம். அரிசி மணியைவிடக் கொஞ்சம்தான் குறைவு."

கண்காட்சி அன்னிக்கு எல்லாரும் பல்பு தீயைத்தான் செல்போனில் படம் எடுத்தாங்க. ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு மட்டும் குனிஞ்சு பார்த்துட்டு, "அண்ணா, இந்தச் சின்னக் கப்பல்ல யாரு?"ன்னு கேட்டாள். நண்பன் முகத்தில் முதல் பரிசு வாங்கின சந்தோஷம்!

கோட்டைக்குப் போறீங்களா? வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு. ஐ.டி. கார்டை மறக்காதீங்க. கல்வெட்டுக்கு லீவே கிடையாது!